49 தண்டால்: ரேஞ்சர் ஸ்கூலுக்குப் போன பெண்கள்

"பெண்களைப் போர்முனைக்கு அனுப்பினா, டெஸ்ட்டை ஈஸி ஆக்கிடுவாங்களே?" இந்தக் கேள்விக்கு 2015-ல் அமெரிக்காவில் ஒரு பதில் கிடைச்சது.

ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாம். அங்கேதான் ரேஞ்சர் ஸ்கூல் ஆரம்பிக்கும். அரைவயிறு, அரைத்தூக்கம், மலை, சதுப்பு நிலம்னு சுமார் 2 மாசப் பயிற்சி. 2015-ல் இருந்த விதிப்படி, முதல் வாரத்திலேயே 2 நிமிஷத்தில் 49 தண்டால் எடுக்கணும், 40 நிமிஷத்தில் 8 கிலோமீட்டர் ஓடணும், முதுகுச் சுமையோட 3 மணி நேரத்தில் 19 கிலோமீட்டர் நடக்கணும்.

அந்த ஏப்ரலில்தான் முதல்முறையா பெண்களைச் சேர்த்தாங்க. 19 பேர் வந்தாங்க. அளவுகோலை மாத்தலை. முதல் வாரத்தைத் தாண்டினது 8 பேர். அடுத்த கட்டத்தில் ரெண்டு முயற்சியிலும் அத்தனை பேரும் தோத்தாங்க. 3 பேருக்கு மட்டும், முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும் வாய்ப்பு கிடைச்சது. இது ஆண்களுக்கும் உள்ள விதிதான்.

கிரிஸ்டன் கிரீஸ்ட், ஷே ஹேவர் ரெண்டு பேரும் ஆகஸ்ட் 21 அன்று தேறினாங்க. 2 குழந்தைகளின் அம்மாவான 37 வயது லிசா ஜாஸ்டர் அக்டோபரில் தேறினார். கூடப் படிச்ச ஒரு வீரர் பத்திரிகையாளர்களிடம் சொன்னது முக்கியம்: நடைப்பயணத்தின் பாதி வழியில் அவரால் சுமையைத் தூக்க முடியலை. உதவி கேட்டப்போ, வாங்கிக்க முன்வந்தது ஷே ஹேவர் மட்டும்தான்.

கதை இதோட முடியலை. சில வருஷம் கழிச்சு, ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண்ணோட ராணுவம் புது உடற்தகுதி டெஸ்ட் கொண்டுவந்தது. கம்பியில் தொங்கி முழங்காலை முழங்கை வரைக்கும் தூக்குற பகுதியில் நிறைய பெண்கள் தோத்தாங்க. 'பெண்களுக்குத் தனி மதிப்பெண் வைக்கலாமா'னு பேச்சு எழுந்தது.

2021-ல் அதை எதிர்த்துக் கட்டுரை எழுதினது யார் தெரியுமா? அதே கிரிஸ்டன் கிரீஸ்ட். 2016-லேயே அமெரிக்கக் காலாட்படையின் முதல் பெண் அதிகாரி ஆனவர். போர்முனைப் பிரிவுகளில் பெண்களுக்கு அளவைக் குறைச்சா படையும் பலவீனமாகும், உழைச்சுத் தேறின பெண்களையும் யாரும் நம்ப மாட்டாங்கன்னு வாதாடினார்.

ஆனாலும் 2022-ல் தனி மதிப்பெண் வந்தது. 2025 ஜூனில், போர்முனை வேலைகளுக்கு மட்டும் மறுபடி எல்லாருக்கும் ஒரே அளவு.

என் பார்வையில், அளவுகோல் வேலையிலிருந்து வரணும். காயம்பட்டவரை இழுத்துட்டு வர எவ்வளவு பலம் வேணுமோ, அதைக் கேளுங்க. தேவையில்லாம கூட்டினா, திறமையான பெண்ணை வெளியே தள்ளுறோம். குறைச்சா, உள்ளே வந்த பெண்ணைச் சந்தேகத்துக்கு ஆளாக்குறோம். நீங்க என்ன நினைக்கிறீங்க? எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.