பரபாஸ் நின்ற இடம்

பெரிய வெள்ளிக்கிழமை வாசகத்தில் பரபாஸ் வந்துபோவது சில நொடிகள்தாம். கூட்டம் அவனைக் கேட்டது, பிலாத்து விடுவித்தான், அவன் போய்விட்டான். நான்கு சுவிசேஷங்களும் அவன் பெயரைச் சொல்கின்றன. ஒன்றுகூட அவன் பேசியதாக ஒரு சொல்லையும் சொல்லவில்லை. குற்றவாளியின் இடத்தில் குற்றமற்றவர் நின்றார் என்னும் உபதேசத்தை விளக்கப் புகும்போது நாம் பவுலின் நிருபங்களைத்தான் தேடிப் போகிறோம். நான் பரபாசிடமிருந்தே தொடங்குவேன். பின்னால் உபதேசமாக எழுதப்பட்டது அவனுக்கு அந்தக் காலையில் நடந்தே முடிந்திருந்தது.

அவன் பெயருக்கு அரமேயத்தில் 'தந்தையின் மகன்' என்று பொருள். மத்தேயு சுவிசேஷத்தின் பழைய கிரேக்கப் படிகள் சிலவற்றில் அவன் 'இயேசு பரபாஸ்' என்றே இருக்கிறான். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் இதை அறிந்திருந்தார். அந்தத் திருநாமம் ஒரு பாவிக்கு இருந்திருக்கலாகாது என்று எண்ணினார். அவரை உறுத்திய அந்தப் பாடமே மூலம் என்று நான் நம்புகிறேன். சேர்ப்பதற்கு எந்தப் பக்தனும் துணியாத சொல் அது. நீக்கத்தான் பலருக்குக் காரணம் இருந்தது.

ஒருவன் குற்றத்தை இன்னொருவர் சுமக்க முடியுமா? கடனை யார் வேண்டுமானாலும் அடைக்கலாம், குற்றமோ செய்தவனை விட்டு நகராது என்று 1793இல் காண்ட் எழுதினார். வலுவான வாதம்தான். ஆனால் அதைக் கேட்க வேதாகமம் பதினெட்டாம் நூற்றாண்டுவரை காத்திருக்கவில்லை. தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் தீர்க்கமாகச் சொல்லிவிட்டார். பொற்கன்றுக்குப் பிறகு, மக்களை மன்னியும், இல்லையேல் என் பெயரை உம் புத்தகத்திலிருந்து கிறுக்கிப்போடும் என்று மோசே மன்றாடினார். அந்த மாற்று ஏற்கப்படவில்லை. அப்சலோமுக்குப் பதிலாக நான் செத்திருக்கலாகாதா என்று தாவீது அழுதார். அழ மட்டுமே அவரால் முடிந்தது.

யூதாவின் கதை இன்னும் ஆழமானது. தம்பி யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவனே அவன்தான். பல ஆண்டுகள் கழித்து எகிப்தில், பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் அகப்பட்டபோது, இவனுக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்று முன்னே வந்து நிற்கிறான். இங்கே குற்றமற்றவனின் இடத்துக்கு வருகிறவன் பழைய குற்றவாளி. அந்த யூதாவின் வழியில் பிறந்தவரிடம் இடமாற்றம் தலைகீழாகிறது.

ஏசாயா 53இல் பிறர் மீறுதல்களுக்காகக் காயப்படும் தாசன் வருகிறான். தீர்க்கதரிசி தன்னைச் சொல்கிறாரா, வேறொருவரையா என்று அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி கேட்பது நேர்மையான கேள்வி. பிலிப்பு அதற்கு இயேசுவைச் சொல்லி விடையளித்தார். அந்த விடையின்மேல்தான் திருச்சபை நிற்கிறது.

லேவியராகமம் 16இல் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். ஒன்று பலியாகும், மற்றதன் தலையில் ஆசாரியன் கைகளை வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடச் செய்வான். தமிழ் வேதாகமம் அதற்குப் 'போக்காடு' என்று பெயர் சொல்கிறது. எவ்வளவு பொருத்தமான சொல்! ஆனால் அந்த ஆட்டை யாரும் சம்மதம் கேட்கவில்லை. கோபம் கொண்ட தகப்பன், யார் மேலாவது அடி விழ வேண்டும் என்று மாசற்ற மகனை அடித்ததாகச் சிலுவையைப் பிரசங்கிக்கிறவர்கள் கிறிஸ்துவைப் போக்காடாகவே ஆக்கிவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகும். தம் உயிரை ஒருவரும் பறிக்கவில்லை, தாமே கொடுப்பதாக யோவான் சுவிசேஷத்தில் அவர் சொல்கிறார். தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்தே உலகத்தை ஒப்புரவாக்கினார் என்கிறார் பவுல். தீர்ப்பளிப்பவரும் சுமப்பவரும் அங்கே இரண்டு தரப்பார் அல்லர்.

1098இல் 'கடவுள் ஏன் மனிதரானார்' நூலை முடித்த ஆன்செல்முக்கும் இந்தக் கவனம் இருந்தது. தண்டனை அல்லது ஈடு, இரண்டில் ஒன்று என்பது அவர் கணக்கு. கிறிஸ்து ஈடு கொடுத்தார், ஆகவே தண்டனைக்கு இடமில்லை. அதைத் தண்டனை என்றே பேசியவர்கள் சீர்திருத்தக்காரர்கள். சட்டம் படித்த கால்வினிடம் அந்த மொழி இயல்பாகவே வந்தது. அவரோடு முழுதும் உடன்பட என்னால் இயலவில்லை. ஆயினும் அவர் கவனித்த ஒன்றை மறக்க முடியவில்லை. இயேசுவிடம் குற்றமில்லை என்று பலமுறை அறிவித்த பிலாத்துவின் வாய்தான் அவருக்கு மரணத் தீர்ப்பையும் சொல்கிறது. குற்றமின்மை வழக்கேட்டிலேயே பதிவாகிவிட்டது. அதன் பிறகும் அவர் நின்ற இடம் குற்றவாளியின் இடம்.

அது யாருடைய இடம்? பரபாசை யோவான் 'லேஸ்தேஸ்' என்ற கிரேக்கச் சொல்லால் குறிக்கிறார்; நம் மொழிபெயர்ப்பில் அது 'கள்ளன்'. வழிப்பறிக்காரனுக்கும் ஆயுதம் எடுத்த கலகக்காரனுக்கும் அந்நாளில் அதே சொல் வழங்கியது. இயேசுவின் இருபுறமும் அறையப்பட்டவர்களுக்கு மாற்கு அதே சொல்லைத்தான் ஆள்கிறார். பரபாஸ் கலகக்காரர்களோடு கட்டுண்டிருந்தான் என்பதையும் அவரே எழுதுகிறார். அன்றைக்குக் கொல்கொதாவில் மூன்று சிலுவைகள். வலமும் இடமும் அவனைப் போன்ற இருவர். நடுச் சிலுவை நிற்கும் நேரத்தில் அவன் எருசலேமில் எந்தத் தெருவிலோ நடந்துகொண்டிருந்தான். மனந்திரும்பினாயா என்று அவனை யாரும் கேட்டிருக்கவில்லை.