கேட்கும் செவியும் ஒரு மருந்தே

பள்ளிக்கரணையில் வாழும் மாணவன் ஒருவன் தேர்வில் தவறிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?" என்பார் ஒருவர். "அப்போதே படித்திருக்கலாமே!" என்பார் மற்றொருவர். மூன்றாமவரோ தம் மகன் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லத் தொடங்கிவிடுவார். மூவரும் பேசினார்கள், அவன் சொல்ல வந்ததை மட்டும் எவரும் கேட்கவில்லை. கேட்பது அவ்வளவு அரிய செயலா? வாசகர்களே, அதற்கு உளவியலில் ஒரு வரலாறே உண்டு. அவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உளவியலில் இரு பிரிவுகள் ஓங்கி நின்றன. மனிதனை ஆட்டிவைப்பவை அவன் அறியாத உள்மன வேட்கைகளே என்றது ஃபிராய்டின் பிரிவு. புறத்தூண்டலும் பழக்கமுமே அவனை உருவாக்குகின்றன என்றது நடத்தையியல். இவ்விரண்டிலும் மனிதன் ஏதோ ஒன்றின் கைப்பாவையாகவே தோன்றினான்.

இதற்கு மாற்றாக அமெரிக்காவில் எழுந்ததே மனிதநேய உளவியல். பசி, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு ஆகிய தேவைகளுக்கும் மேலாக, தன் ஆற்றலை முழுமையாக மலரச் செய்யும் வேட்கை மனிதனுக்கு உண்டு என்று 1943-இல் ஆபிரகாம் மாஸ்லோ எழுதினார். அந்த மலர்ச்சிக்கு உகந்த சூழல் எது என்று ஆராய்ந்தவர் கார்ல் ரோஜர்ஸ். உதவுபவரிடம் மூன்று பண்புகள் வேண்டும் என்று அவர் 1957-இல் வரையறுத்தார். உள்ளொன்று புறமொன்று இல்லாத நேர்மை, நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் நிலையில் நின்று உணரும் ஒத்துணர்வு என்பவையே அவை. அறிவுரை இப்பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்!

ஏறத்தாழ அதே காலத்தில், லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் வேறொரு வழியில் இதே உண்மையைக் கண்டார். உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோர்க்காக அவர் 1953-இல் ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். நேரில் வந்தவர்கள் அவரைக் காணக் காத்திருந்த நேரத்தில், தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தனர். அத்தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலருக்குப் பாதிரியாரைப் பார்க்கும் தேவையே இல்லாமல் போயிற்று. 'சமாரிட்டன்ஸ்' இயக்கம் இவ்வாறு பிறந்தது.

அந்த நட்புமுறையைப் பின்பற்றி, 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா' அமைப்பை நிறுவினார். அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயல்வது ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். துயருற்றவன் வாய்திறக்கவே அஞ்சிய காலம் அது. சிநேகாவில் தொலைபேசியை எடுத்தவர்களோ பயிற்சி பெற்ற சாதாரணத் தொண்டர்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, பொறுமையாகக் கேட்பார்கள். சட்டத்தின் பார்வை மாற நெடுங்காலம் ஆயிற்று. அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

'வெறும் பேச்சால் உயிர் பிழைக்குமா?' என்று நீங்கள் ஐயுறலாம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1867 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறுபாதியினருக்கு அதனுடன் ஒரு மணி நேர விளக்கம். பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. 2008-இல் வெளிவந்த முடிவு இது: முதல் பிரிவில் 2.2 விழுக்காட்டினர் பின்னர் தற்கொலையால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 0.2 விழுக்காட்டினரே. இது ரோஜர்ஸின் முறையே அன்று. எனினும் ஒரு மனிதர் மறவாமல் விசாரிப்பதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை இது காட்டுகிறது.

கடுமையான மனநோய்க்கு மருத்துவரும் மருந்தும் இன்றியமையாதவை. செவி அவற்றிற்கு ஈடாகாது. ஆனால் ஒருவரை மருத்துவரிடம் செல்லும்வரை தாங்கிப் பிடிக்கச் செவியால் முடியும். உங்கள் வீட்டில் ஒருவர் மனமுடைந்திருந்தால், அறிவுரையைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். "என்ன ஆயிற்று, சொல்" என்று கேட்டு, அவர் முடிக்கும்வரை காத்திருங்கள். உயிரைப் பற்றிய அச்சம் எழுந்தால் தனியே விடாதீர்கள். அரசின் 14416 என்ற எண்ணில், அழைப்பை ஏற்க எந்த நேரமும் ஒருவர் இருக்கிறார்.