ஓர் அடையாள அட்டை இலக்கத்தின் பயணம்

ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் இலங்கையில் 1968இல் இயற்றப்பட்டது; 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் (ஐசி) வழங்கப்பட்டன. பழைய அட்டையின் இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. பெண்ணென்றால் அதனோடு 500 கூட்டுவார்கள். 85561 என்று தொடங்கும் இலக்கம் 1985 மார்ச் 1ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணுடையது. 2016இல் இலக்கம் 12 எண்களாக நீண்டது. அதிலும் பிறந்த நாள் ஒளிவின்றித் தெரிகிறது.

வன்னியில் இந்த இலக்கம் முதலில் நடமாடியது சோதனைச்சாவடிகளில்தான். போர்க்காலத்தில் ஓமந்தைச் சாவடியை ஐசி இல்லாமல் ஒருவரும் கடக்க முடியாதிருந்தது. கேட்டவுடன் எடுத்து நீட்ட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது என்பதை அந்த வரிசைகளில் நின்று சனம் பழகிக்கொண்டது.

2009இல், போரின் இறுதியில், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஐசி எல்லாவற்றையும் பலவிதமாக இழந்தார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்கு வந்த பலரிடம் தாம் யார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை. அப்போது கைகொடுத்தது இலக்கம். அட்டை தொலைந்தாலும் இலக்கம் தொலைவதில்லை. ஆட்பதிவுத் திணைக்களத்தின் பதிவேட்டில் அது இருந்தது; புதிய அட்டை அதே இலக்கத்துடன் திரும்பி வந்தது.

அன்று காப்பாற்றிய அந்த நிலைபேறுதான் இன்று ஆபத்தாகியிருக்கிறது.

போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அந்த இலக்கம் வேகமாகப் பெருகியது. சிம் வாங்க ஒரு போட்டோ கொப்பி, வங்கிக்கு ஒன்று, லீசிங்குக்கு ஒன்று, வீடு தேடி வந்த நுண்கடன் நிறுவனத்துக்கு இன்னொன்று. பிறகு அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கமும் வந்தது. காகிதம் பெட்டிக்குள் கிடக்கும். படமோ எத்தனை ஃபோன்களில், எத்தனை கணினிகளில் கிடக்கிறதென்று அனுப்பியவருக்கே தெரியாது.

அந்தக் கணினிகளுக்குள்தான் ஊடுருவிகள் நுழைகிறார்கள். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணினிச் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் ஒன்று தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அக்காலத்துக்குரிய பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. காலாவதியான மென்பொருளே பாவனையில் இருந்தது. அமைச்சரவை அலுவலகத்தின் கடிதங்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு கடையின் கணினியிலிருக்கும் நம் ஐசிக்கு என்ன காவல்?

கடவுச்சொல் களவு போனால் மாற்றிவிடலாம். இந்த இலக்கத்தை மாற்ற முடியாது. பெயரும் இலக்கமும் கிடைத்தவன் வங்கி உத்தியோகத்தர் போல ஃபோன் எடுத்து இரண்டையும் சரியாகச் சொல்வான். கேட்பவர் நம்பி, ஃபோனுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால் கணக்கு வெறுமையாகும். ஆகவே இலக்கம் தெரிந்தவன் என்பதற்காக யாரையும் நம்பவேண்டாம். அழைப்பைத் துண்டித்து, வங்கிக்கு நாமே பேச வேண்டும். போட்டோ கொப்பி கொடுத்தால் எதற்காக, எந்தத் திகதியில் என்று அதன்மேல் குறுக்காக எழுதிக் கொடுக்கலாம். மோசம் போனால், இணையப் பாதுகாப்புக்குப் பொறுப்பான இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101இல் அழைக்கலாம்.

ஆனாலும் பாரம் முழுவதையும் சனத்தின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது; 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. தரவை வாங்குபவர் எதற்காக வாங்குகிறார், எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்று சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே இச்சட்டத்தின் உயிர். அந்தக் கேள்வியை வன்னியில் ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் நின்று நாம் கேட்கவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாத காலத்தில் பழகிய கை, கேட்ட பிறகே அட்டையை நீட்டப் பழகட்டும்.