உல்லாசப் படகில் வந்தவரும் அன்னபூரணியை ஓட்டிப் போனவர்களும்

தனியார் உல்லாசப் படகு ஒண்டை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்து, கரையோரமாக ஊர் ஊராகப் போய், இறங்கிச் சாப்பிட்டு, கோயிலும் கோட்டையும் பார்த்து, இரவில் நங்கூரம் போட்டு நித்திரை கொள்ளுறது. இலங்கையின் தெற்கில், காலி, மிரிசைப் பக்கம் இது ஏற்கெனவே நடக்கிற வியாபாரம்தான். வடக்குக்கும் இது வரவேணும் எண்ட கதை அடிக்கடி காதில் விழுகுது. நெடுந்தீவும் நயினாதீவும் ஊர்காவற்றுறையும் அப்பிடியான பயணத்துக்கு நல்லாப் பொருந்தும் எண்டதில் சந்தேகம் இல்லை.

எங்களுக்கு இருக்கிற கேள்வி வேற. அந்தப் பயணத்தில் எங்கட ஆக்கள் ஆர்? கரையில் நிண்டு நண்டுக்கறி வைக்கிறவையா, படகில் கயிறு பிடிக்கிறவையா, இல்லாட்டி படம் எடுக்கிறதுக்கு நல்ல காட்சியா? ஏனெண்டால் யாழ்ப்பாணக் கரைக்கும் உல்லாசப் படகுக்காரருக்கும் இடையில் ஏற்கெனவே ஒரு வரலாறு இருக்கு. அதில் எங்கட ஆக்கள்தான் சுக்கான் பிடிச்சவை.

ரொபின்சன் எண்ட மனிசன்

வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் ஒரு அமெரிக்கர். 1928இல், இருபத்தைந்து வயதுக்காரனாக, ‘ஸ்வாப்’ எண்ட 32 அடிப் பாய்ப்படகில் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு, உலகத்தைச் சுற்றி 1931இல் திரும்பி வந்தவர். ‘ஸ்வாப்’ எண்டது கனவு என்ற பொருளில் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த பெயர். அவ்வளவு சின்னப் படகில் அதுவரை உலகத்தைச் சுற்றினவர்கள் மிகச் சிலர். இவர் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார், பெயர் பெற்றார். பிறகு மசாசூசெற்ஸ் மாநிலத்தில் இப்ஸ்விச் எண்ட ஊரில் சொந்தமாகப் படகு கட்டும் தளம் ஒண்டையும் நடத்தினார். அங்கே கட்டின ‘ஸ்விஃப்ட் ஒஃப் இப்ஸ்விச்’ எண்ட பாய்க்கப்பலைப் பிறகு ஹொலிவூட் நடிகர் ஜேம்ஸ் கக்னி வைத்திருந்தார்.

இதைச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. ரொபின்சன் கப்பல் தெரியாத ஒரு பணக்காரச் சுற்றுலாப் பயணி இல்லை. மரம், பாய், கயிறு எல்லாம் தெரிஞ்ச ஆள். அப்பிடிப்பட்ட ஒருவர் இலங்கையில் பார்த்து, விரும்பி, 1930களின் நடுப்பகுதியில் காசு குடுத்து வாங்கின கப்பல்தான் வல்வெட்டித்துறையில் கட்டின ‘அன்னபூரணி’. 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். அலங்காரத்துக்குக் கட்டினது இல்லை, சரக்கு ஏத்தக் கட்டினது.

கப்பல் கட்டின ஊர்

வல்வெட்டித்துறையை இண்டைக்கு வெளியில் தெரிஞ்சவர்கள் பெரும்பாலும் போரோடு சேர்த்துத்தான் தெரிஞ்சு வைச்சிருக்கினம். அதுக்கு முன்னம் அது கப்பல்காரர் ஊர். வல்வைச் சிவன் கோயிலைக் கட்டுவித்த திருமேனியார் வேங்கடாசலம்பிள்ளை 19ஆம் நூற்றாண்டின் பெரிய கப்பல் முதலாளி. கோயில் எழும்பினதே கடல் வியாபாரக் காசில்தான்.

யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. பனைமரம் தென்னிந்தியாவுக்குப் போனது. திரும்பி வரேக்க ஓடு, துணி, நெல்லு வந்தது. பெரிய கப்பல்கள் வங்காள விரிகுடாவைக் கடந்து பர்மாவுக்குப் போய் அரிசி ஏத்திக்கொண்டு வந்தன. இதெல்லாம் காற்றை நம்பின வியாபாரம். வாடை எப்ப விழும், சோளகம் எப்ப எழும் எண்டு கணக்குப் பார்த்துத்தான் போறதும் வாறதும். கப்பலை ஓட்டுறவர் தண்டையல். கப்பலைக் கட்டுறவை மேஸ்திரியார்மார். வரைபடம் கடதாசியில் இல்லை, அவையின்ர கண்ணிலும் கையிலும்தான் இருந்தது.

கடற்படகுகளைப் பற்றி ஆராய்ந்த ஜேம்ஸ் ஹோர்னெல் எண்ட ஆங்கிலேயர் யாழ்ப்பாணத் தோணிகளைத் தனியாகக் குறிச்சு எழுதியிருக்கிறார். அவர் கவனிச்ச ஒரு விஷயம், தோணியின் முன்பக்கத்தில் கண் வைக்கிற வழக்கம். தோணிக்கும் வழி தெரியவேணும் எண்ட நம்பிக்கை.

இந்தியப் பெருங்கடலிலிருந்து அத்திலாந்திக் வரை

1937இல் அன்னபூரணி அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. ஓட்டிப் போனவர்கள் வல்வெட்டித்துறைக் கடலோடிகள். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. ஏடன், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரோல்டர், பிறகு அத்திலாந்திக்கைக் கடந்து பெர்மியூடா. 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி கப்பல் மசாசூசெற்ஸிலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்ந்தது. பொஸ்டன் பத்திரிகைகள் செய்தி போட்டன. வியாபாரக் கடலில் பழகின ஆக்கள், தங்கட காற்றும் நீரோட்டமும் இல்லாத ஒரு கடலைப் பாய்க்கப்பலில் தாண்டியிருக்கினம். சோளகமும் வாடையும் அங்க உதவாது.

குளோஸ்டரில் போய்ச் சேரேக்க கப்பலின் பெயர் அன்னபூரணி இல்லை. ‘ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்’. ஃபுளோரன்ஸ் எண்டது ரொபின்சனின் மனைவி பெயர். சிக்காகோவில் குழாய், வால்வு செய்து பெரும் பணக்காரரான கிரேன் குடும்பத்துப் பெண். அன்னம் தாற அம்மனின் பெயர் போய், வாங்கினவரின் வீட்டுக்காரியின் பெயர் வந்தது. காசு குடுத்து வாங்கினவர் பெயரை மாத்துறது அவற்ற உரிமை, அதில் குற்றம் சொல்ல ஒண்டும் இல்லை. ஆனால் எங்கட கடலில் பெயர் மாத்துறது இதுதான் முதல் தடவையும் இல்லை. ஒல்லாந்தர் தீவுப்பகுதிக்கு ஒவ்வொண்டாகத் தங்கட ஊர்ப் பெயரை வைச்சவை: காரைதீவு அம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். அதில் டெல்ஃப்ட் மட்டும் இண்டைக்கும் ஒட்டிக்கொண்டு நிக்குது. சுற்றுலாப் பயணிகள் கேக்கிறதும் டெல்ஃப்ட்தான்.

பெயரை விட முக்கியமானது, ஆற்ற எழுத்து மிஞ்சினது எண்டது. ரொபின்சன் தன்ர பயணங்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார், அவை திரும்பத் திரும்ப அச்சாகின. தம்பிப்பிள்ளை தண்டையலும் கூடப் போனவர்களும் சுயெஸில் என்ன பார்த்தினம், அத்திலாந்திக்கில் என்ன சாப்பிட்டினம், எப்ப பயந்தினம் எண்டு அவையின்ர சொல்லிலேயே ஒரு புத்தகம் எங்கட கையில் இல்லை.

வியாபாரம் எப்பிடிக் கள்ளக்கடத்தலானது

அன்னபூரணி போன காலத்தில் அந்தப் பாய்க்கப்பல் உலகம் ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்தது. நீராவிக் கப்பல் ஒரு பக்கம். 1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடிக்க, பர்மா அரிசி வாறது நிண்டது. 1948க்குப் பிறகு கடவுச்சீட்டு, விசா, சுங்கம், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு எண்டு இரண்டு கரைக்கும் நடுவில் இரண்டு அரசுகள் வந்து நிண்டன. தாத்தா செய்தால் வியாபாரம், பேரன் செய்தால் கள்ளக்கடத்தல். கடல் அதே கடல்தான், தூரமும் அதே தூரம்தான். சட்டம் மட்டும் மாறினது. ஓட்டத் தெரிஞ்ச ஆக்களுக்கு ஓட்டுறதுக்கு நேர்மையான சரக்கு இல்லாமல் போனது.

அதுக்குப் பிறகு போர். கடலுக்குப் போறதுக்குத் தடை, நேரக் கட்டுப்பாடு, பாஸ். 1990இல் மக்கள் இடம்பெயர்ந்த மயிலிட்டி, ஒரு காலத்தில் நாட்டிலேயே பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகம். அது 2017 யூலையில்தான் மக்களிடம் திரும்பி வந்தது. இருபத்தேழு வருடம் கரையைப் பார்க்காத ஒரு தலைமுறை வளர்ந்திட்டுது. கடல் தொழிலைப் பெடியளுக்குப் பழக்கிறது தகப்பனோடு கடலுக்குப் போய்த்தான். அந்தச் சங்கிலி அறுந்தால் திரும்பப் பொருத்துறது லேசில்லை. இப்ப இருக்கிறவர்களின் வலையையும் கடலடியையும் அக்கரை இழுவைப்படகுகள் வாரிக்கொண்டு போகுது. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தும் பிரச்சினை தீரவில்லை.

வாறவரை எப்பிடி வரவேற்கிறது

வெளியாக்கள் கடலால் வாறது எங்களுக்குப் புதுசு இல்லை. நயினாதீவில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒண்டு இருக்கு. முதலாம் பராக்கிரமபாகு வைச்சது, பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்தது. வெளிநாட்டு வணிகர்கள் ஊர்காவற்றுறையில் வந்து இறங்கவேணும், அவர்களுக்குப் பாதுகாப்புக் குடுக்கவேணும் எண்டு அது சொல்லுது. கப்பல் உடைஞ்சால் என்ன செய்யிறது எண்டும் சொல்லுது. யானை, குதிரை கொண்டு வந்த கப்பல் எண்டால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேற சரக்குக் கப்பல் எண்டால் பாதிக்குப் பாதி. அரசனுக்கு யானையும் குதிரையும் எவ்வளவு தேவை எண்டது அந்தக் கணக்கில் தெரியுது. வரவேற்பு எண்டது சிரிச்ச முகம் மட்டும் இல்லை, ஆருக்கு என்ன பங்கு எண்டு முதலே எழுதி வைக்கிறது.

இண்டைக்கு அதுதான் எழுதப்படாமல் இருக்கு. 2023 யூனில் ஒரு சொகுசுக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அதே வருடம் ஒக்ரோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் படகும் ஓடத் தொடங்கினது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் நிக்கிற கடற்கோட்டை கடற்படை நடத்துற விடுதியாக இருக்கு. அடுத்தது உல்லாசப் படகு எண்டால், அதுக்கான அனுமதி, துறை, வழிகாட்டி எல்லாத்திலும் கரையோர மக்களுக்கு என்ன பங்கு?

இதை உணர்ச்சியால மட்டும் கேக்கேல்லை. பாக்கு நீரிணை ஆழம் குறைஞ்ச கடல். மணல் திட்டும் பாரும் நிறைய. பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுத்திப் போறதுக்குக் காரணமே இதுதான். வாடைக் காலத்தில் நெடுந்தீவுப் படகில் போனவர்களுக்கு அந்தக் கடல் என்ன செய்யும் எண்டு தெரியும். வெளியிலிருந்து வாற படகுக்கு இங்க வழிகாட்டி கட்டாயம் தேவை. அந்த வேலை வல்வெட்டித்துறை, குருநகர், ஊர்காவற்றுறை, நெடுந்தீவுக் கடலோடிகளுக்கு உரிமமாகவும் சம்பளமாகவும் கிடைக்கவேணும். படகு கட்டுறதும் திருத்துறதும் இங்கேயே நடக்கவேணும். கடலோர ஊர்களில் இருக்கிற பழைய தண்டையல்மாரின் பிள்ளைகளிடம் மிஞ்சியிருக்கிற கதைகளையும் படங்களையும் கடிதங்களையும் இப்பவே சேர்க்கவேணும். இன்னும் பத்து வருடம் போனால் கேக்கிறதுக்கு ஆக்கள் இருக்காயினம்.

1938இல் குளோஸ்டர் கரையில் நிண்ட அமெரிக்கர்கள், யாழ்ப்பாணம் எங்க இருக்கு எண்டு விசாரிச்சிருப்பினம். எங்கட பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் குளோஸ்டருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து போன கப்பல் எது எண்டு கேட்டால், பதில் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?