இரட்டைவில்லை ஒளிப்படக் கருவி: கைக்கொள்ளத்தக்கது எது?

ஒளிப்படக் கருவிகளுள் இரட்டைவில்லைக் கருவி தனக்கென ஒரு மரபுடையது. மேல்வில்லை காண்பதற்கும் கீழ்வில்லை படம் பதிப்பதற்கும் உரியன. கருவியை இடுப்பளவில் ஏந்தித் தலைகவிழ்ந்து, தேய்த்த கண்ணாடியில் தோன்றும் உருவை நோக்கிப் படமெடுப்பர். ஆடியொன்று இடையே சாய்வாக நிற்றலின் அவ்வுரு நேராகத் தோன்றும். ஆயின் இடம் வலமாக மாறியிருக்கும். இக்கருவிகள் பெருவழக்காக இருந்த காலம் ஏறத்தாழ 1930 முதல் 1960 வரை எனலாம். அக்காலத்தில் வாங்கப்பட்டவை இன்று மரபுரிமையாகவும் விலைக்கும் பலருடைய கைக்கு வந்து சேர்ந்துள்ளன. மூன்று நான்கு கருவிகளை உடையார் ஒருவர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விடுக்க நேருங்கால், எதனைக் கொள்வது என்னும் வினா எழுகின்றது. சந்தை விலையே இதற்கு விடையாகக் கொள்ளப்பட்டு வருகின்றது. அது பொருந்தாது என்பதும், கருவியின் வரலாறே தக்க அளவுகோல் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இவ்வகைக் கருவி செருமானிய நாட்டில் தோன்றியது என்று பொதுவாகக் கூறுவர். அது முற்றிலும் சரியன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இங்கிலாந்தில் இலண்டன் ஸ்டீரியாஸ்கோப்பிக் கம்பெனி 'கார்ல்ட்டன்' என்னும் பெயரால் இரட்டைவில்லைக் கருவியை விற்றது. ஆயினும் அக்காலத்தவை கண்ணாடித் தகடுகளை ஏற்ற பெரும் பெட்டிகளே. படச்சுருளும் கைக்கடங்கிய உலோக உடலும் பெற்று உலகெங்கும் பரவும் தகுதியை அஃது எய்தியது பிரவுன்ஷ்வைக் நகரிலேதான். பால் பிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடெக்கே என்னும் இருவர் 1920ஆம் ஆண்டில் அங்கே தொழிலகம் ஒன்றைத் தொடங்கினர். முதல் உலகப்போரில் அகழியினின்றும் தலை நீட்டாமலே படமெடுக்க வேண்டும் என்ற தேவையே ஹைடெக்கேக்கு இக்கருத்தைத் தந்தது என்றொரு செய்தி வழங்குகின்றது. சுவையான செய்திதான். ஆனால் அதனினும் வலிய சான்று அவர்கள் செய்த கருவிகளிலேயே உள்ளது. 1921இல் வந்த ஹைடோஸ்கோப்பும், 1926இல் வந்த ரோலைடோஸ்கோப்பும் மூன்று வில்லைகள் உடையன. பக்கத்து வில்லைகள் இரண்டும் இணைப்படங்களைப் பதிக்கும். நடுவில்லை காண்பதற்கு உரியது. இவற்றுள் பதிக்கும் வில்லை ஒன்றை நீக்கி, எஞ்சிய இரண்டனையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால், 1929இல் வெளிவந்த ரோலைஃபிளெக்ஸின் அமைப்புப் புலனாகும். தேவையற்றதை விடுத்தலே இக்கருவியின் பிறப்பு என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

முதல் ரோலைஃபிளெக்ஸில் ஒரு சுருளுக்கு ஆறு படங்களே எடுக்கலாயிற்று. 1932ஆம் ஆண்டின் வடிவம் 120 என்னும் சுருளை ஏற்றுப் பன்னிரண்டு படங்கள் தந்தது. இச்சுருள் இன்றும் செய்யப்படுவதே அக்கருவிகள் இன்றும் உயிரோடிருத்தற்குக் காரணமாகும். 1937இல் வந்த ஆட்டோமாட் வடிவம் மற்றொரு படி. காப்புத்தாளோடு படச்சுருள் சேரும் இடத்தில் ஏற்படும் தடிப்பு வேறுபாட்டை இரு உருளைகள் உணர்ந்து முதற்படத்தின் எண்ணைத் தாமே தொடங்கும். கைப்பிடியைச் சுழற்றினால் சுருள் நகர்வதோடு ஷட்டரும் இழுத்து வைக்கப்படும். இதற்கிடையில் 1933ஆம் ஆண்டில் அதே தொழிலகம் ரோலைக்கார்டு என்னும் எளிய கருவியை எளிய விலைக்கு விற்கத் தலைப்பட்டது. அதில் கைப்பிடி இல்லை. குமிழைத் திருகல் வேண்டும். ஷட்டரையும் தனியே இழுத்துவைத்தல் வேண்டும். ஒரே கூடத்தில் பிறந்த இவ்விரண்டனுள் மூத்ததைத் தலைவனாகவும் இளையதை ஏவலனாகவும் கருதும் வழக்கம் அன்றே தோன்றியது, இன்றும் மாறவில்லை.

இனி, வில்லை பற்றிய வழக்கினை ஆராய்தல் வேண்டும். 1945க்குப் பின் சைஸ் நிறுவனம் இரண்டாயிற்று. யெனா நகரில் இருந்த பழைய தொழிலகம் சோவியத்துப் பகுதியில் அமைந்தது. மேற்கே ஓபர்கோக்கனில் புதியதொன்று எழுந்தது. வில்லைகளுக்கு ஒரே இடத்தை நம்பியிருத்தல் இயலாததாக, பிரவுன்ஷ்வைக் தொழிலகம் கிரொய்ட்ஸ்நாக் நகரத்து ஷ்னைடர் நிறுவனத்தின் வில்லைகளையும் பொருத்தியது. டெசாருக்கு இணையாகச் செனார், பிளானாருக்கு இணையாகச் செனோட்டார் என இரட்டை மரபு இவ்வாறே உருவாயிற்று. இன்றைய சந்தையில் பிளானார் எனப் பொறித்த கருவிக்கே மதிப்பு மிகுதி. ஆயின் 2.8 சி என்னும் வடிவத்தில் செனோட்டாரே முதலில் வந்தது, பிளானார் பின்னரே சேர்ந்தது என்பதை அம்மதிப்பீட்டாளர் எண்ணுவதில்லை. படங்களை மட்டும் வைத்துக்கொண்டு இன்னது இன்ன வில்லையால் எடுத்தது என்று பிரித்துணர்தல் அரிது. நான்கு கண்ணாடிகளால் ஆகிய டெசார், துளையை முழுதும் திறந்த நிலையில் ஓரங்களில் மென்மை காட்டும் என்பது உண்மையே. எட்டு அல்லது பதினொன்று என்னும் எண்ணுக்குத் துளையைச் சுருக்கினால் அவ்வேறுபாடு பெரிதும் மறைகின்றது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்கொள்வார் ஏட்டின் பழமையையோ அதனை உடையார் பெருமையையோ மட்டும் நோக்கார், பாடத்தை நோக்குவர். இங்கும் அம்முறையே வேண்டற்பாலது.

விலையுயர்ந்த வடிவங்களின் குறை வேறிடத்தில் உள்ளது. 1956 முதல் ரோலைஃபிளெக்ஸ் வடிவங்களிலும், பின்னர் 3.5 எஃப், 2.8 எஃப் என்பனவற்றிலும் செலினிய ஒளிமானி அமைக்கப்பட்டது. எஃப் வடிவங்களில் அது துளையோடும் விரைவோடும் பிணைக்கப்பட்டது. அக்காலத்துக்கு அது வியத்தகு வேலைப்பாடு. ஆயின் செலினியம் ஆண்டுகள் செல்லச் செல்ல உணர்வு குன்றும் இயல்பினது. செயலிழந்த ஒளிமானியின் பிணைப்புகள் உள்ளே தங்கிப் பழுதுபார்ப்பவர்க்குத் தொல்லை மிகுவிக்கின்றன. யாஷிகா நிறுவனம் 1970இல் வெளியிட்ட மேட்-124ஜி வேறு வகையில் இடர்ப்பட்டது: அதன் ஒளிமானிக்கு வேண்டிய பாதரச மின்கலம் இன்று ஆக்கப்படுவதில்லை. ஒளிமானி இல்லாத கருவியிலோ கெடுவதற்கு அஃது இல்லை. ஒளியைத் தனிக் கருவியால் அளந்துகொள்ளலாம்.

யப்பானியக் கருவிகளுள் மினோல்டா ஆட்டோகார்டை ஒருவர் எளிதாகத் தள்ளிவிடலாகாது. ரோலைஃபிளெக்ஸில் சுருள் கீழிருந்து செங்கோணமாக வளைந்து மேலேறும். ஆட்டோகார்டில் வளையாமல் மேலிருந்து படமிடத்துக்கு இறங்குதலின் சுருள் தட்டையாக நிற்கும். ரோக்கர் வில்லையும் டெசார் இனத்து நல்வில்லையே. குறையாவது குவியம் திருத்தும் நெம்புகோல். இறுகிய எண்ணெய்ப்பசையோடு வலிந்து தள்ளினால் அது முறிந்துவிடும். முறியாத ஆட்டோகார்டு ஒன்று கையிலிருப்பின், யாஷிகாவை விடுத்து அதனைக் கொள்வது தகும். மாமியா சி330 தனி இனம். வில்லை இணைகளை மாற்றும் வசதி அதற்கே உண்டு. எடையும் அதற்கே உண்டு.

நம் துறையினர் பலர்க்கு ஒளிப்படம் ஓலைச்சுவடிக்கும் கல்வெட்டுக்கும் பயன்படுவது. அவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. காணும் வில்லையும் பதிக்கும் வில்லையும் வெவ்வேறிடத்தில் நிற்றலின், அண்மைப் பொருளைப் படமெடுக்கும்போது இடமாறு தோற்றம் ஏற்பட்டு ஏட்டின் ஓரம் வெட்டுண்ணும். ரோலை தொழிலகம் இதற்கென ரோலைநார் என்னும் துணைவில்லைகளை விற்றது. மாமியாவோ காணும் வில்லை நின்ற இடத்துக்கே பதிக்கும் வில்லையை உயர்த்தும் தாங்கி ஒன்றைச் செய்தது. சுவடிப் பணியே முதன்மையாயின் மாமியாவைக் கொள்ளலாம். கோயிலும் மக்களும் ஊரும் படமெடுப்பார்க்கு அப்பெருஞ்சுமை வேண்டுவதின்று.

ஆகவே பொதுநோக்கில் யாம் பரிந்துரைப்பது 1950களின் முற்பகுதியைச் சேர்ந்த, ஒளிமானியற்ற, டெசார் அல்லது செனார் வில்லையுடைய ரோலைஃபிளெக்ஸ் ஆட்டோமாட். அஃது இல்லாதார் 1962 முதல் வெளிவந்த ரோலைக்கார்டு 5பி-ஐக் கொள்ளலாம். அதன் மேல்மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் கண்ணாடியையும் ஆடியையும் எளிதில் துடைக்கலாம். மூத்ததன் விலையை நோக்கி இதனை ஏவலன் என்று ஒதுக்குவது, பத்தாண்டு கழித்தும் படமெடுக்கவல்ல கருவியை விற்றுவிட்டு ஊமையான ஒன்றைப் பேழையில் காப்பதாக முடியும்.

முடிவு செய்யுமுன் கருவியையே கேட்டறிதல் நன்று. ஷட்டரை ஒரு நொடி என்னும் எண்ணில் வைத்து இயக்குக. ஒலி இடையில் தயங்கி நிற்குமாயின் உள்ளே எண்ணெய் இறுகியுள்ளது. தூய்மை செய்தால் அக்குறை தீரும். பின்புற மூடியைத் திறந்து, ஷட்டரைத் திறந்த நிலையில் நிறுத்தி, கீழ்வில்லையை விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்க்க. நம் நாட்டு ஈரக்காற்றில் வளரும் பூஞ்சை சிலந்திவலை போலக் கண்ணாடியுள் படர்ந்து அதன் பூச்சை அரித்திருப்பின், அது தீர்வதில்லை. முகப்பில் எப்பெயர் பொறித்திருப்பினும் முதலில் விடுக்கத்தக்கது அக்கருவியே.