பட்டத்துக்கு முன் பிறந்த படிப்பு

ஒரு சாஸ்திரம் சர்வகலாசாலையில் குடியேறும் முறை பெரும்பாலும் நாம் அறிந்ததே: பாடத்திட்டம் ஒன்று வகுக்கப்படும், அதற்கொரு பேராசிரியர் நியமிக்கப்படுவார், மாணவர் சேருவர், கடைசியில் பரீட்சை வரும். கணிதப் புள்ளியியல் இந்தியாவில் வேர் பிடித்த சரித்திரமோ இந்த வரிசைக்கு அடங்காதது. ஆராய்ச்சிதான் அங்கே முதலில் வந்தது. அதைச் செய்தவர்கள் தமக்குத் தாமே ஆசிரியர்களாக இருந்து கற்றுக்கொண்டார்கள். பிறகு ஒரு ஸ்தாபனமும் ஒரு பத்திரிகையும் தோன்றின. பரீட்சையும் பட்டமும் எல்லாவற்றுக்கும் பின்னால், சாவகாசமாக, 1941ஆம் ஆண்டில்தான் வந்து சேர்ந்தன.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கார்ல் பியர்சன் இத்துறைக்கென்று தனிப் பிரிவு ஒன்றை 1911இல் நிறுவியிருந்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் பௌதிகத்தில் தேறிவிட்டு ஊர் திரும்பக் காத்திருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்ற வங்காள இளைஞர், மகாயுத்தம் காரணமாகப் பயணம் தாமதப்பட்டதால் கல்லூரி நூலகத்தில் பொழுதைப் போக்கிக்கொண்டிருக்கையில், அங்கிருந்த ஆசிரியர் மெக்காலே என்பவர் பியர்சனின் 'பயோமெட்ரிகா' பத்திரிகைத் தொகுதிகளைச் சுட்டிக்காட்டி, இவற்றைப் பார்த்தீரா என்று விசாரித்தார். பார்த்தவர் ஒரு முழுத் தொகுப்பையே விலைக்கு வாங்கி, கப்பலில் படித்துக்கொண்டே கல்கத்தா வந்து சேர்ந்தார். (கேம்பிரிட்ஜில் நம் ராமானுஜனோடும் இவருக்குப் பழக்கம் உண்டு. கட்டில் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகப்பட்டிருந்த கம்பளிகளை விலக்கி அவற்றின் நடுவே படுக்க வேண்டும் என்று அறியாமல், மேலங்கியைப் போர்த்துக்கொண்டு இரவெல்லாம் குளிரில் வாடிய அந்தக் கும்பகோணத்துக்காரருக்குப் படுக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தவர் மகலனோபிஸ்தான்.)

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவருக்கு வாய்த்த உத்தியோகம் பௌதிகம் போதிப்பது. புள்ளியியலோ அவரைத் தேடி வேறு வாசல்களின் வழியே வந்தது. விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த நெல்சன் அன்னன்டேல், கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களிடம் எடுத்த உடல் அளவுகளை அவரிடம் ஒப்படைத்தார். அவற்றை ஆராய்ந்த முதற்கட்டுரை 1922இல் வெளிவந்தது. ஒரு மனிதக் கூட்டம் மற்றொன்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை, உயரம், தலையின் அகலம், மூக்கின் நீளம் என்று ஒவ்வொன்றாக அல்லாமல், அவ்வளவுகள் தமக்குள் கொண்டுள்ள உறவையும் கணக்கில் சேர்த்து ஒரே எண்ணால் சொல்ல முடியுமா என்று அவர் அன்று தொடங்கிய யோசனை, 1936இல் 'மகலனோபிஸ் தூரம்' என்று இன்று உலகம் வழங்கும் சூத்திரமாக முதிர்ந்தது. ஒரிசாவில் 1926இல் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றுப் படுகை மேடிட்டுவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் உரைக்க, நெடிய பல ஆண்டுகளின் மழையளவையும் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டு, படுகை உயரவேயில்லை என்று காட்டியவரும் இவரே. இத்தனைக்கும் அக்காலத்தில் அவர் வாங்கிய சம்பளம் பௌதிகத்துக்கு!

இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனம் 1931 டிசம்பரில் தீர்மானிக்கப்பட்டு அடுத்த ஏப்ரலில் பதிவு பெற்றது. பெயர் கம்பீரமானதுதான், இடமோ அதே கல்லூரியின் பௌதிகக் கட்டடத்தில் மகலனோபிஸின் அறை. தொடக்க ஆண்டின் மொத்தச் செலவு 250 ரூபாயை எட்டவில்லை. அங்கே வந்து சேர்ந்தவர்களும் புள்ளியியல் படித்தவர்கள் அல்லர்; அப்படிப் படித்தவர் ஒருவர் தேசத்தில் இருந்தால்தானே வருவதற்கு! வடிவகணிதத்தில் தேர்ந்த ராஜ் சந்திர போஸைத் தேடி மகலனோபிஸ் 1932இல் தாமே அவர் வீட்டுக்குச் சென்றார். தமக்குப் புள்ளியியலில் அட்சரமும் தெரியாது என்று நின்றவருக்கு, படிக்க வேண்டிய கட்டுரைகளின் ஜாபிதா ஒன்றும் பயோமெட்ரிகா தொகுதிகளும் கொடுக்கப்பட்டன. குருவும் இல்லை, வகுப்பும் இல்லை. அந்த ஜாபிதாதான் பாடத்திட்டம். வயலைப் பாத்திகளாகப் பிரித்து, எந்த விதையை எந்தப் பாத்தியில் இட்டால் நிலத்தின் வளம் விதையின் குணத்தை மறைக்காமல் இருக்கும் என்ற உழவுக் கேள்வியில் இறங்கிய போஸ், அதன் உள்ளே ஒளிந்திருந்த சதுர அமைப்புகளைத் தொடர்ந்து நெடுந்தூரம் போய், கணித மேதை ஆய்லர் 1782இல் அவற்றைப் பற்றிச் சொல்லிவைத்த ஓர் ஊகம் தவறு என்று 1959இல் ஸ்ரீகண்டே, பார்க்கர் இருவருடன் சேர்ந்து நிரூபித்தார். வயல் வரப்பில் தொடங்கிய கணக்கு அத்தனை தூரம் போனது என்பதை இன்று புள்ளியியலைச் சூத்திரப் பட்டியலாக மனனம் செய்யும் மாணவர்களுக்கு யாரேனும் சொல்லுகிறார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

பத்திரிகை 1933இல் பிறந்தது. அதற்கு 'சங்க்யா' என்று பெயரிட்ட மகலனோபிஸ், அச்சொல்லுக்கு எண் என்பதோடு தெளிந்து நிச்சயித்த அறிவு என்ற பொருளும் உண்டு என்று விளக்கினார். தமிழில் நமக்கு இந்த விளக்கமே வேண்டியதில்லை; எண் என்றால் இலக்கம், எண்ணம் என்றால் சிந்தனை, இரண்டுக்கும் ஒரே வேர் என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான்.

1938 ஜனவரியில் கல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குப் புள்ளியியலின் பேரறிஞர் ஆர். ஏ. ஃபிஷரே தலைமை வகித்தார். சணல் பயிரின் பரப்பை மாதிரி எடுத்து மதிப்பிடும் பெருங்கணக்கெடுப்பும் அந்நாட்களில்தான் வங்காளத்தில் நடந்துகொண்டிருந்தது. இவ்வளவும் ஆன பிறகு, 1941இல் கல்கத்தா சர்வகலாசாலை புள்ளியியலில் எம்.ஏ. வகுப்பைத் தொடங்கியது. தேசத்திலேயே அதுதான் முதல்.

அவ்வகுப்பின் தொடக்க மாணவர்களுள் ஒருவர் சி. ஆர். ராவ். சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஹூவின ஹடகலியில் 1920இல் பிறந்து, ஆந்திர சர்வகலாசாலையில் கணிதம் முடித்து, ராணுவ அளவைப் பிரிவில் ஒரு வேலைக்கான நேர்முகத்துக்காகக் கல்கத்தா வந்தவர். வேலை கிடைக்கவில்லை; வந்த இடத்தில் பழகிய ஒருவர் மூலம் ஸ்தாபனத்தின் பயிற்சியைப் பற்றிக் கேள்வியுற்று, 1941 ஜனவரியில் அதில் சேர்ந்துவிட்டார். எம்.ஏ. பட்டத்தை 1943இல் பெற்றவர், அடுத்த ஆண்டே அதே வகுப்புக்கு ஆசிரியர்.

1944இல் ஒருநாள், பெரிய மாதிரிகளுக்கு மட்டும் பொருந்தும் ஃபிஷரின் முடிவொன்றை ராவ் விளக்கிக்கொண்டிருந்தபோது, பிற்காலத்தில் பொருளாதார அறிஞராகப் பிரசித்தி பெற்ற வி. எம். தாண்டேகர் எழுந்து, சிறிய மாதிரிகளுக்கும் இத்தகைய முடிவை ஏன் நிரூபிக்கக் கூடாது என்று கேட்டார். ராவ் அன்றிரவே உட்கார்ந்து நிரூபித்து, மறுநாள் வகுப்பில் சொன்னார். ஒருபுறம் சாயாத எந்த மதிப்பீடாயினும், அதை எத்தனை சாமர்த்தியமாக அமைத்தாலும், அதன் தடுமாற்றம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது. அந்த எல்லையை நிர்ணயிப்பது கணக்கிடுபவரின் திறமையன்று, மாதிரிக்குள் அடங்கிக்கிடக்கும் தகவலின் அளவே. ஏற்றத்தை எத்தனை வேகமாக இழுத்தாலும் ஊற்று ஊறும் அளவுக்கு மேல் கிணறு தருமா? 1945இல் அச்சேறிய இம்முடிவு, சுவீடனின் கிராமர் தனியே கண்டதோடு சேர்த்து, கிராமர்-ராவ் சமனிலி என்று வழங்குகிறது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே வயதிலும் படிப்பிலும் அதிக தூரம் இல்லாத வகுப்பறையில்தான் இத்தகைய கேள்வி துணிந்து எழும் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்தாபனம் தானே பட்டம் வழங்கும் உரிமையை 1959இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் பெற்றது. அதற்குள் சென்னையிலும் பிரசிடென்சி என்றே பெயர் கொண்ட நம் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் வகுப்பு நடந்துவந்தது. அவ்வாண்டே அதில் தேறிய எஸ். ஆர். ஸ்ரீனிவாச வரதன், தொழிற்சாலைப் பண்டங்களின் தரத்தைக் கணக்கால் காக்கும் வித்தையைப் பயில எண்ணிக் கல்கத்தா சென்றார். முன்னே வந்தவர்கள் வேறெதையோ நாடிவந்து புள்ளியியலில் சிக்கினார்கள். முறையாகப் புள்ளியியல் படித்து வந்த இவரையோ, கே. ஆர். பார்த்தசாரதி முதலிய தோழர்கள் தூய நிகழ்தகவுக் கணிதத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

1962இல் ருஷ்யப் பேரறிஞர் கொல்மொகொரோவ் ஸ்தாபனத்துக்கு விஜயம் செய்தபோது, வரதன் தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச நேர்ந்தது. ஒரு மணி நேரப் பேச்சு ஒன்றரை மணியாக நீண்டது. கொல்மொகொரோவ் தம் கருத்தைச் சொல்ல எழுந்த வேளையில் சபையில் சிலர் எழுந்து வெளியேற, அவர் சாக்குக்கட்டியை வீசி எறிந்துவிட்டுக் கோபமாக வெளியே நடந்தார். வரதனின் பரீட்சகர்களுள் அவரும் ஒருவர். பட்டம் போயிற்று என்றே எண்ணிய வரதன், நண்பர்களோடு பின்னால் ஓடி மன்னிப்புக் கோரினார். பெரியவரின் கோபமோ பேச்சு நீண்டதைப் பற்றியதன்று, எழுந்து போனவர்களைப் பற்றியது. ஆய்வேட்டைப் பற்றி அவர் பிறகு எழுதிய அறிக்கை மிகவும் நல்லதாகவே இருந்தது. வரதன் 1963இல் டாக்டர் பட்டம் பெற்றார்.