குரும்பையுள் புகுந்த பகை

ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் அணைய, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலம் கற்பிட்டிக் குடாநாடு. 1997ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்குள்ள தென்னைகளில் ஒரு கேடு காணப்பட்டது. குரும்பைகளின் காம்படியில் வெளிறிய முக்கோணத் திட்டுகள் தோன்றின. நாளடைவில் அவை பழுப்பேறி வெடித்துத் தழும்பாயின. காய்கள் சிறுத்துக் கோணின. தென்னை மைற்றா இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான்.

மைற்றா பூச்சியன்று, சிலந்திக்கு உறவான சிற்றுயிர். அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரின் காற்பங்களவே. மெக்சிக்கோவின் கெரேரோ மாநிலத்துக் காய்களிலிருந்து 1965இல் அறிஞர் இதனை விவரித்தனர். காற்றே இதன் வாகனம். குரும்பையின் தலையில் தொப்பிபோற் கவிந்த இதழ்களுக்குள் புகுந்து இளந்தசையின் சாற்றை உறிஞ்சும். காய் முற்றுமுன் அக்குடி கலைந்துவிடும். உடையவன் இழப்பைக் காணும் வேளையில் அதனை இழைத்தது அங்கில்லை.

மரம் சாவதில்லை என்பதனால் நட்டம் சிறிதென எண்ணலாகாது. தேங்காய் எண்ணி விற்கும் பண்டம். சிறுத்த காயை வணிகர் ஒதுக்குவர். அன்றேல் விலையைக் குறைப்பர். பருப்புக் குறையக் கொப்பரையும் குறையும். மட்டை இறுகுவதால் உரிப்பவன் கை சோரும், தும்பும் குட்டையாகும். பத்துமரக்காரனுக்கு இவையனைத்தும் ஒருங்கே வந்து சேரும்.

1869இல் இலங்கைக் கோப்பியை இலைத்துரு நோய் பற்றியது. தோட்டத் துரைமார் காலப்போக்கில் தேயிலைக்கு மாறினர். முதலுடையோர்க்கு அது இயன்றது. ஏறத்தாழ அக்காலத்திலேயே பிரான்சின் திராட்சைக் கொடிகளைப் பிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டி மதுத்தொழிலை மீட்டனர். தென்னைக்கோ இவ்விரு வழியும் அடைபட்டன. ஒட்டுக்கட்ட இயலாத மரம் அது. வெட்டிக் கன்று நடின், காய்க்கப் பல்லாண்டு செல்லும். அக்கன்றின் குரும்பையையும் மைற்றா விடுமோ?

இதே மாவட்டத்து லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் எண்ணெயும் கந்தகமும் கலந்த தெளிப்பை முதலில் பரிந்துரைத்தது. ஆயினும் தென்னையில் மாதந்தோறும் புதுப்பாளை விரியும். ஏறுகூலியைத் திரும்பத் திரும்பக் கொடுக்க எளியோரால் ஆகுமோ? எனவே ஆய்வாளர் மைற்றாவைத் தின்னும் இன்னொரு மைற்றாவை நாடினர். நியோசீயுலசு பராக்கி எனப்படும் அதன் உடல் நீண்டு தட்டையானது; தொப்பியிதழின் இடுக்கில் அதுவும் நுழையவல்லது. ஆய்வுக்கூடத்தில் அதனைப் பெருக்கிப் பைகளிலிட்டுத் தோப்புகளில் விடலாயினர். பகையை அது அடியோடு ஒழிப்பதில்லை, அளவில் அடக்குகிறது. அதற்கு மாதந்தோறும் ஏறுகூலி வேண்டுவதில்லை.